சத்ரியா நியோவுக்கு 17 போடலாமா? டயர் சைஸ் பார்த்து வாங்கும் முறை

ஸ்போர்ட்டி காருக்கு டயர் மாற்ற வருகிறவர்களில் பாதிப் பேர் ரிம் அளவைச் சொல்லிக்கொண்டேதான் கடைக்குள் நுழைவார்கள். "17 அக்கா." "18 இருக்கா அக்கா?" நான் திருப்பிக் கேட்பது வேறு. வீடு எங்கே, வேலை எங்கே, பின்சீட்டில் யார் உட்காருவார்கள்? பதில் தெரிந்துவிட்டால் சைஸ் பாதி முடிவாகிவிடும்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இது அப்பாவின் கடை. கணக்கு எழுத வந்து உட்கார்ந்தவள் நான், இப்போது கவுண்டர் முழுக்க என் கையில். அப்பா பின்னால் மெஷின் பக்கம், தேவையில்லாமல் பேசமாட்டார். எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் லிந்தாங் சாலைத் தோட்டங்களிலும் டவுனைச் சுற்றிய தாமான் குடியிருப்புகளிலும் இருந்துகொண்டு ஈப்போவுக்கும் சிம்மோருக்கும் வேலைக்குப் போகிறவர்கள். வண்டி என்றால் புரோட்டானின் சத்ரியா நியோ, பழைய ஜிடிஐ, சுவிஃப்ட் ஸ்போர்ட், எப்போதாவது ஒரு டொயோட்டா 86. காலையில் செம்மண் பாதை, அப்புறம் பழைய கூட்டரசு சாலை, சனிக்கிழமை சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை. ஒரே டயர் இந்த மூன்றையும் தாங்க வேண்டும். நான் எழுதுவது அந்த மாதிரி ஓட்டத்துக்குத்தான். பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுகிறவருக்கு வேறு கணக்கு.

முதலில் காரில் இப்போது மாட்டியிருக்கும் டயரை நம்பாதீர்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் நடுத்தூணில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். காரோடு பிறந்த சைஸும் காற்றழுத்தமும் அதில்தான் இருக்கிறது. நியோ 2006-இல் வந்த வண்டி. ஒவ்வொன்றும் எத்தனையோ கை மாறியிருக்கும். முந்தைய உரிமையாளர் என்ன ஆசையில் எதை மாட்டினார் என்று யாருக்குத் தெரியும்? போன வருஷம் ஒரு தம்பி, "இதே சைஸ் நாலு கொடுங்க" என்றான். குனிந்து பார்த்தால் முன்னால் ஒரு சைஸ், பின்னால் வேறு. அவனுக்கே தெரியாது.

சரி, தாளில் 195/50 ஆர்16 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 50 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்று. ஆர் என்றால் ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றையும் கலந்து வைத்திருப்பதால்தான் இத்தனை குழப்பம்.

இதிலிருந்து டயரின் முழு விட்டத்தைப் போட்டுப் பாருங்கள். 195-இல் 50 சதவீதம் 97.5 மி.மீ. பக்கச்சுவர் மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 195. ரிம் 16 அங்குலம், ஒரு அங்குலம் 25.4 மி.மீ., ஆக 406.4. கூட்டினால் 601.4 மி.மீ. இந்த எண்ணைக் கைபேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடைக்காரர் எந்த சைஸைச் சொன்னாலும் அதையும் இதே போலப் போட்டு, 601.4-ஓடு ஒப்பிடுங்கள். டயர்காரர்கள் பொதுவாகச் சொல்லும் எல்லை 3 சதவீதம். நான் 2-க்கு மேல் போக விடுவதில்லை. கார் தாழ்த்தப்பட்டிருந்தால் 1.

நியோவுக்கு அதிகம் கேட்பது 205/45 ஆர்17. போட்டுப் பார்த்தால் 616.3 வருகிறது, 2.5 சதவீதம் பெரிது. 215/40 ஆர்17 போட்டால் 603.8, கிட்டத்தட்ட அதே விட்டம். 205/40 ஆர்17 என்றால் 595.8, ஏறக்குறைய 1 சதவீதம் சின்னது. 16-இலேயே இருந்துகொண்டு கொஞ்சம் அகலம் வேண்டும் என்றால் 205/50 ஆர்16 இருக்கிறது, 611.4. 205/45 ஆர்16 போட்டால் 590.9 ஆகிவிடும், 1.7 சதவீதம் இறங்கும். கார் 5 மி.மீ. தரைக்குப் போகும், அதைச் சில பேர் இலவசமாகக் கிடைத்த அழகு என்று நினைக்கிறார்கள். எங்கள் தோட்டத்து மேட்டில் அடி உரசும்போது கணக்கு சரியாகிவிடும்.

"மஸ்டா எம்எக்ஸ்-5-க்கு கம்பெனியே 195/50 ஆர்16-உம் 205/45 ஆர்17-உம் தருகிறதே, நான் மாற்றினால் என்ன?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். எண்கள் அப்படியே நம்முடையவை, வித்தியாசமும் அதே 2.5 சதவீதம். ஆனால் அந்தக் காரின் சக்கரக் குழியில் இரண்டுக்குமே இடம் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். உங்கள் காருக்கு அப்படி யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியது நீங்கள்.

விட்டம் ஏன் இத்தனை முக்கியம்? மீட்டர் சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணுகிறது, தூரத்தை அல்ல. 601.4-க்குப் பதில் 616.3 மாட்டினால் சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும், மீட்டர் அதை அறியாது. முன்பு முள் 110 காட்டியபோது போன வேகத்தைவிட இப்போது அதே 110-இல் 2.5 சதவீதம் வேகமாகப் போகிறீர்கள். புது காரில் மீட்டர் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும்படிதான் வருகிறது. அந்தக் கூடுதலைப் பெரிய டயர் தின்றுவிடும். பிளஸ் நெடுஞ்சாலைக் கேமராவிடம் போய் டயர் கதை சொல்ல முடியாது.

அதைவிட நியோக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்ஜின். 1.6 கேம்ப்ரோ நடு ஆர்பிஎம்மில் சுணங்கும் என்பது அதை ஓட்டிய எல்லோருக்கும் தெரியும். பெரிய விட்டம் போட்டால் எல்லா கியரும் நீண்டுவிடும். அதோடு 17 ரிம் மலிவு வார்ப்பாக இருந்தால் எடையும் கூடும். ஆசையாகக் காசு போட்டு மாற்றிவிட்டு, "அக்கா, வண்டி பிக்கப் போச்சு" என்று வந்து நிற்பார்கள். இன்ஜினில் ஒன்றும் போகவில்லை தம்பி, சக்கரத்தில் போட்ட பாரம் அது.

எங்கள் ஊர்ச் சாலையும் பக்கச்சுவரும்

பக்கச்சுவரைப் பற்றித்தான் நான் அதிகம் வாயாடுவேன். 195/50 ஆர்16-இல் அது 97.5 மி.மீ. 215/40 ஆர்17-இல் 86. 205/40 ஆர்17-இல் 82. விட்டம் சரியாக வருகிறதே என்று 17-க்குப் போனால், குறைவது இதுதான். குழியில் விழும்போது ரிம்முக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் இருப்பது இந்த ரப்பரும் காற்றும் மட்டுமே.

தோட்டத்துச் சாலையை ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லாரி மழைநாளில் போய்ப் போய் ஓரம் பிய்ந்திருக்கும். செம்மண்ணும் தாரும் சேரும் இடத்தில் ஒரு படி மாதிரி வெட்டு நிற்கும். தண்ணீர் தேங்கினால் குழி எது, சாலை எது என்று தெரியாது. அப்புறம் செம்பனை மட்டையின் அடிமுள். வெட்டிப்போட்ட மட்டை சாலையோரம் கிடக்கும்; லாரி ஏறி நசுக்கி முள் மட்டும் தனியாகச் சாலைக்கு வரும். டயரில் ஏறினால் பஞ்சர் உடனே தெரியாது. முள் உள்ளே முறிந்து நின்றுகொண்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை காற்று அடிக்க வைக்கும். தளத்தில், அதாவது சாலையில் படும் பக்கத்தில், ஏறினால் ஒட்டிவிடலாம். பக்கச்சுவரில் ஏறினால் அந்த டயர் முடிந்தது, ஒட்டித் தரச் சொல்லி என்னைக் கெஞ்சாதீர்கள்.

லிந்தாங் பக்கத்திலிருந்து ஒரு நியோ வந்தது. 205/40 ஆர்17, டயர் வாங்கி அதிக நாள் ஆகவில்லை. இடது முன் சக்கரத்தின் பக்கவாட்டில் கோழிமுட்டை அளவுக்குப் புடைப்பு. அப்பா டயரைக் கழற்றி, உள்பக்கத்தைத் திருப்பி, விளக்கை வைத்துக் காட்டினார். உள் ரப்பரில் இரண்டு கோடு, ஒன்றுக்கொன்று இணையாக, நகத்தால் கீறியதுபோல மெல்லியதாக. குழியின் விளிம்பும் ரிம்மின் உதடும் சேர்ந்து பக்கச்சுவரை நடுவில் வைத்து நசுக்கிய இடம் அது. உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துபோனதால், காற்று அங்கே வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. தளத்தில் கட்டை, அதாவது பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் ரப்பர், அப்படியே புதுசு. அந்தத் தம்பி, "கட்டை இருக்கே அங்கிள், கொஞ்ச நாள் ஓட்டலாம்ல?" என்றான். அப்பா ஒன்றும் சொல்லாமல் அவன் கையைப் பிடித்து அந்தக் கோட்டின் மேல் வைத்தார். விரல் வைத்ததும் கோடு வாய் திறந்தது. பையன் கைபேசியை எடுத்து அம்மாவை அழைத்து, மாலையில் தாமதமாக வருவேன் என்றான்.

அதனால் என் கணக்கு இது: தினமும் தோட்டச் சாலையில் ஏறி இறங்குகிற வண்டிக்குப் பக்கச்சுவர் 90 மி.மீ.க்குக் குறையக் கூடாது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத எல்லை. எங்கள் கடையில் கழற்றி வீசிய டயர்களைப் பார்த்து வந்தது. ஈப்போவுக்குள்ளேயே வீடும் வேலையும் என்றால் 86 மி.மீ. தாராளம்.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஓட்டத் தெரியாதவள் என்பீர்கள். குட்டைப் பக்கச்சுவர் ஸ்டீயரிங்குக்குச் சீக்கிரம் பதில் சொல்லும், உண்மைதான். கேமரன் மலை வளைவில் அது தெரியும். ஆனால் 50-லிருந்து 40-க்கு இறங்கி வரும் கூர்மையைவிட, சாதாரண ரப்பரிலிருந்து நல்ல ரப்பருக்கு மாறினால் வருவது அதிகம். காசு ஒன்றுதான் என்றால் ரப்பரில் போடுங்கள், அங்குலத்தில் வேண்டாம்.

ரிம்முக்கு ஏற்ற அகலம்

எத்தனை அகல டயரையும் எந்த ரிம்மிலும் மெஷின் திணித்துவிடும். திணிப்பது வேறு, பொருந்துவது வேறு. ஒவ்வொரு சைஸுக்கும் ரிம் அகலத்தில் ஓர் எல்லை உண்டு. 195/50-க்கு 5.5 முதல் 7 அங்குலம். 205/50-க்கு 5.5 முதல் 7.5. 205/45-க்கு 6.5 முதல் 7.5. 215/40-க்கு 7 முதல் 8.5. ரிம்மின் பின்பக்கம் ஆரத்தில் 16×6.5 என்று பொறித்திருக்கும், அந்த 6.5-தான் அகலம். 6.5 ரிம்மில் 215/40-ஐ மாட்டினால் பக்கச்சுவர் உள்ளே வளைந்து பிதுங்கி நிற்கும். வளைவில் டயர் ரிம்மின் மேல் உருளும், நடுக்கட்டை மட்டும் தேயும். எதிர்ப்பக்கம், அகல ரிம்மில் ஒல்லி டயரை இழுத்து மாட்டும் பழக்கமும் இங்கே உண்டு. எங்கள் கடையில் அந்த வேலையை எடுப்பதில்லை. தோட்டக் குழியில் ரிம்மின் உதடு முதலில் அடி வாங்கும். அடி பலமாக இருந்தால் டயர் ரிம்மை விட்டே இறங்கிவிடும்.

புது ரிம் வாங்குகிறவர்கள் இன்னும் மூன்று எண்களைக் கேட்க வேண்டும். துளைகளின் வட்டம்: நியோவுக்கு 4×100 (நாலு துளை, 100 மி.மீ. வட்டம்), சுவிஃப்ட் ஸ்போர்ட்டுக்கு 5×114.3, டொயோட்டா 86-க்கு 5×100. நடுத்துளை: புரோட்டானில் 56.1 மி.மீ. கடையில் விற்கும் ரிம் பலவற்றில் 73.1. இடைவெளிக்கு ஒரு வளையம் போட வேண்டும். போடாவிட்டால் 90-ஐத் தாண்டும்போது ஸ்டீயரிங் நடுங்கும், நீங்கள் பேலன்சிங் சரியில்லை என்று எங்களைத் திட்டுவீர்கள். மூன்றாவது ஆஃப்செட், ரிம்மில் ஈடி என்று போட்டிருக்கும் எண். அது குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். உதாரணத்துக்கு, 6.5 அங்குலம் ஈடி45 ரிம்மைக் கழற்றி 7 அங்குலம் ஈடி38 போடுகிறீர்கள். அரை அங்குல அகலத்தில் பாதி, 6 மி.மீ. சொச்சம், வெளிப்பக்கம் வரும். ஆஃப்செட் வித்தியாசம் 7. ஆக வெளி விளிம்பு 13 மி.மீ. துருத்தும். உள்பக்கம் அப்படியே இருக்கும். மட்கார்டுக்கு வெளியே டயர் தெரிந்தால் சாலைத் தடுப்பில் ஜேபிஜேகாரர் (சாலைப் போக்குவரத்து இலாகா) டார்ச்சை அங்கேதான் அடிப்பார்.

பின்சீட்டுக்காரர்களின் எடை

சைஸுக்குப் பின்னால் 84வி என்பதுபோல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். இளவட்டங்கள் எழுத்தைப் பார்ப்பார்கள். எச் என்றால் மணிக்கு 210 கி.மீ., வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270. எண்ணை யாரும் பார்ப்பதில்லை. 84 என்றால் அந்த ஒரு டயர் தாங்கக்கூடியது 500 கிலோ. 81 என்றால் 462, 87 என்றால் 545. தாளில் இருப்பதைவிட எண் குறையக் கூடாது, அவ்வளவுதான்.

அதில் ஒரு பொறி இருக்கிறது. குட்டைப் பக்கச்சுவர் டயர்களில் எக்ஸ்எல் (எக்ஸ்ட்ரா லோட்) என்று போட்டு வருவது அதிகம். 205/40 ஆர்17 84டபிள்யூ எக்ஸ்எல். எண் அதே 84, சரியாகத்தானே இருக்கிறது என்பீர்கள். ஆனால் சாதாரண டயர் அந்த 500 கிலோவை 36 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தாங்கும். எக்ஸ்எல்லுக்கு அதே எடையைத் தாங்க 42 வேண்டும். பழைய டயருக்கு 32 வைத்திருந்தால் இதற்கு 36, 37 வைத்தால்தான் சமம். அப்படி வைத்தால் வண்டி இன்னும் கடினமாகும். வைக்காமல் அப்பா, அம்மா, பாட்டி, தைப்பூசச் சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனால் பக்கச்சுவர் சூடேறி நொந்துபோகும். பின்சீட்டில் யார் என்று நான் முதலிலேயே கேட்டது இதற்காகத்தான்.

காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். ஈப்போவிலிருந்து வந்து வெயிலில் நிறுத்திவிட்டு அளந்தால் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துத் திறந்து விட்டால் மறுநாள் காலை குறைந்திருக்கும்.

கீழே இறங்குவதும் ஒரு வழிதான்

16-லிருந்து 15-க்கு இறங்கலாம் என்று நான் சொன்னால் முகம் சுருங்கிவிடும். ஆனால் நியோவுக்கு 195/55 ஆர்15 போட்டுப் பாருங்கள்: 595.5, ஒரு சதவீதம்தான் குறைவு. பக்கச்சுவர் 107 மி.மீ. ரிம்மும் டயரும் எடை குறைவு, கியர் கொஞ்சம் குறுகும், அந்தச் சுணங்கும் இன்ஜின் கொஞ்சம் விழித்துக்கொள்ளும். அந்த சைஸில் டயர் வகை அதிகம், விலையும் குறைவு. மிச்சப்படும் காசில் ஒரு படி மேல் ரப்பரே வாங்கலாம். பிரேக் காலிப்பர் ரிம்மில் இடிக்கிறதா என்று மட்டும் டயர் இல்லாத வெறும் ரிம்மை மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக்கைப் பெரிதாக்கியவர்களுக்கு இது ஆகாது.

சுவிஃப்ட் ஸ்போர்ட் டர்போவுக்கு கம்பெனி சைஸ் 195/45 ஆர்17, விட்டம் 607.3. எங்கள் மாதிரிச் சின்ன டவுனில் இந்த சைஸ் எல்லாக் கடையிலும் இருக்காது. வந்து நிற்கிறவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். 205/45 ஆர்17 அதிகம் கிடைக்கும். விட்டம் 616.3, ஒன்றரை சதவீதம் கூட, 6.5 ரிம்மில் எல்லைக்குள் உட்காரும். பக்கச்சுவரும் 87.75-லிருந்து 92-க்கு ஏறுவதால் எங்கள் சாலைக்கு அது எனக்குப் பிடித்த மாற்று. 16-க்கு இறங்குகிறவர்களுக்கு 205/50 ஆர்16, 611.4. டொயோட்டா 86-க்கு 215/45 ஆர்17, 625.3; கொஞ்சம் அகலம் வேண்டும் என்றால் 225/45 ஆர்17, 634.3, அதே 7 அங்குல ரிம்மில் மாட்டலாம். பின்னால் மட்டும் அகலமாகப் போடாதீர்கள். நாலும் ஒரே சைஸ் என்று வைத்துச் செய்த வண்டி அது. பின்னால் மட்டும் கூட்டினால் வளைவில் மூக்கு வெளியே ஓடும். முன்சக்கரம் இழுக்கிற நியோவிலும் சுவிஃப்டிலும் இந்தப் பேச்சே வேண்டாம்.

நாலும் வாங்கக் காசில்லை, இரண்டுதான் என்றால் புதியதைப் பின்னால் போடுங்கள். முன்னால் போடச் சொல்லித்தான் எல்லோரும் கேட்பார்கள், முன்சக்கரம் தேய்வதால். ஆனால் ஈரத்தில் முன் வழுக்கினால் காலை எடுத்தால் அடங்கும். பின் வழுக்கினால் வண்டி திரும்பி நிற்கும்.

ரப்பர்

சைஸ் முடிவானால் ரப்பருக்கு வாருங்கள். டயரின் பக்கத்தில் டிரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். 200 பக்கத்தில் இருந்தால் மென்மையான, பிடிக்கிற, சீக்கிரம் தேயும் ரப்பர். 400-க்கு மேல் என்றால் நெடுநாள் உழைக்கும். ஒரு கம்பெனி எண்ணை இன்னொரு கம்பெனியோடு ஒப்பிடாதீர்கள், அவரவர் சோதித்து அவரவர் போடுவது. தினமும் ஈப்போ போய் வருகிறவருக்கு நான் 280 முதல் 340 வரை காட்டுவேன். தடத்துக்கென்று செய்த, காலே அரைக்கால் என்று பள்ளம் வெட்டிய டயரை மழைக்குத் தரமாட்டேன். மாலை 4 மணி மழையில் மெனோரா சுரங்கத்துப் பக்கம் இறக்கத்தில் வளைந்து வரும்போது, தண்ணீரை வெளியே தள்ளப் பள்ளம்தான் வேண்டும். அகல டயர் தண்ணீர் மேல் சீக்கிரம் மிதக்கும் என்பதையும் அங்கே நினைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி பள்ளம் 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். நான் 3-இல் மாற்றச் சொல்வேன். வியாபாரத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்தாலும் சரி.

தயாரித்த தேதி நாலு இலக்கத்தில் ஓர் ஓவலுக்குள் இருக்கும். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். அபூர்வ சைஸ் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். விற்காமல் கிடந்ததைத்தான் தள்ளுபடியில் தருவார்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய டயரில் கட்டை நிறைய இருக்கும், வயசும் நிறைய இருக்கும். பக்கச்சுவரை இரண்டு கட்டை விரலால் வளைத்துப் பாருங்கள். நரம்பு மாதிரி வெடிப்பு தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

பிராண்ட் எது என்று கேட்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. கமுந்திங்கில், தைப்பிங்குக்குப் பக்கத்திலேயே டோயோ டயர் செய்கிறார்கள், நம் பேராக் சரக்கு. 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, இங்கிருந்து கொஞ்ச தூரம்தான். எங்களைச் சுற்றி இருந்த ரப்பர் எல்லாம் செம்பனை ஆகிவிட்டது, டயர் மட்டும் எங்கிருந்தோ வருகிறது என்று அப்பா அலுத்துக்கொள்வார். அது வேறு கதை.

மாட்டிய பிறகு

மாட்டியதும் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒரு பக்கம் ஒடித்து, டயருக்கும் உள் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் விரல் நுழைகிறதா பாருங்கள். மறுபக்கமும் அப்படியே. சஸ்பென்ஷன் தூணுக்கும் டயருக்கும் நடுவிலும் பாருங்கள். அங்கே 5 மி.மீ.யாவது வேண்டும். பிறகு மட்கார்டின் உள் உதடு முழுக்கச் சாக்கட்டியால் வெள்ளையாகப் பூசுங்கள். பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, ஒரு மேட்டில் சாய்வாக ஏறி இறங்கி, டவுனை ஒரு சுற்று வந்து பாருங்கள். சாக்கட்டி எங்கே துடைபட்டிருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது. சும்மா கண்ணால் பார்த்து, "இடிக்காது" என்று சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம், நான் சொன்னாலும் சேர்த்துத்தான்.

அலைன்மெண்ட் அன்றைக்கே செய்துவிடுங்கள். சில வாரம் கழித்து உள்ளங்கையைத் தளத்தின் மேல் உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பம் மாதிரியும் இருந்தால் டோ, அதாவது சக்கரம் நேராகப் பார்க்கும் கோணம், சரியில்லை. அப்பா இப்படித் தடவியே சொல்லிவிடுவார், மெஷினில் ஏற்றினால் அதே பக்கம்தான் சிவப்பு காட்டும். புது ரிம் என்றால் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்க வாருங்கள், அதற்கு நாங்கள் காசு வாங்குவதில்லை. ரசீதில் சைஸோடு அந்த நாலு இலக்கத் தேதியையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு உத்தரவாதம் என்று வரும்போது கடைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.